குமிழி நடுவில் நிற்கும்வரை

ஆகஸ்ட் 30, சனி

தேவானந்தம் அண்ணன் சேலையூர் வீட்டைக் காலி செய்துவிட்டு, மகனோடு இருக்கப் பெங்களூருக்குப் போகிறார். போகிற போக்கில் தன்னுடைய ரெக்கார்ட் பிளேயரை என் தலையில் கட்டிவிட்டார். பிளேயர், ஆம்ப்ளிஃபயர், இரண்டு ஸ்பீக்கர், ஓர் அட்டைப்பெட்டி நிறைய ரெக்கார்டுகள். "ஜீவி, இதை நீ ஒருத்திதான் ஒழுங்கா வெச்சுப்ப" என்றார். சின்ன வயதில் இதன் பக்கத்தில் போனாலே என் கையைத் தட்டிவிட்ட மனிதர். எனக்கு ஐம்பது தாண்டிய பிறகாவது நம்பிக்கை வந்ததே, ஸ்தோத்திரம்.

சாமான்களை இறக்கிக்கொண்டு வந்த என் வீட்டுக்காரர் பென்னி ஹாலில் வழுக்கி விழப் பார்த்தார். அப்போதுதான் கழுவிவிட்டிருந்தேன். இன்றைக்குமா கழுவ வேண்டும் என்று கேட்டார். சனிக்கிழமை கழுவாமல் எப்போது கழுவுவதாம்? ஞாயிறு சர்ச்சுக்குப் போகிறவள் அழுக்குத் தரையில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்ப முடியுமா?

அதுவும் இந்த ஹாலைக் கழுவுவது எனக்கு ஒரு விளையாட்டு. பெருவெள்ளம் வந்து போன பிறகு முடிச்சூரில் எங்கள் தெருக்காரர்கள் பாதிப் பேர் தரையை உயர்த்தினார்கள். பென்னி கட்டட சூப்பர்வைசர் ஆயிற்றே, உயர்த்தியதோடு நிற்கவில்லை. ஹால் தரை மொத்தத்தையும் வாசலைப் பார்த்து லேசாகச் சாய்த்து, வாட்டம் கொடுத்துப் போட்டுவிட்டார். மறுபடி தண்ணீர் உள்ளே வந்தால் வந்த வழியே போகட்டுமாம். நல்லவேளையாக அப்புறம் வரவில்லை. அந்த வாட்டத்தால் லாபம் எனக்குத்தான். ஒரு வாளி ஊற்றினால் தண்ணீர் தானாக வாசலுக்கு ஓடிவிடும்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

சர்ச்சிலிருந்து வந்ததும் சாப்பிடக்கூட இல்லை, பிளேயரைப் பழைய டிவி ஸ்டாண்டின்மேல் ஏற்றினோம். பெட்டியில் ஒரு கிறிஸ்துமஸ் கொயர் ரெக்கார்டு இருந்தது. ஊசியை வைத்த உடன் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இடது ஸ்பீக்கரில் மேல்குரல் பாடும் சொப்ரானோ, வலதில் கீழ்க்குரல் பாடும் ஆல்ட்டோ. எங்கள் சர்ச் கொயரை என் முன்னால் நான் நிறுத்துகிற அதே வரிசை!

சந்தோஷம் முதல் பாட்டோடு சரி. இரண்டாவது பாட்டில் ஊசி தாவி நடுப்பக்கமாக ஓடியது. மறுபடி வைத்தேன். மறுபடி தாவியது. தாவாத இடத்திலும் வலது பக்கம் மெலிவாக இருந்தது. ஆல்ட்டோக்காரிகள் அடுத்த வீட்டில் நின்று பாடுவதுபோல.

அண்ணனுக்கு போன் போட்டேன். முதல் கேள்வியே "மட்டம் பாத்தியா?"

பார்க்கவில்லை.

"இடது பக்கம் தாழ்ந்திருந்தா கை நடுப்பக்கமா இழுக்கும். ஊசி பள்ளத்தோட ஒரு சுவர்மேலயே சாயும். இடது சத்தம் தூக்கும், வலது மெலியும். மட்டம் பாக்காம எவளாவது ரெக்கார்டு போடுவாளா?" என்றார். பெங்களூர் போயும் அந்தக் குரல் மாறவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஸ்டாண்டுக்கு இடது பக்கம் வாசல். பென்னியின் வாட்டம்! அவரிடம் சொன்னபோது சிரிப்பு ஒரு பக்கம், பெருமை ஒரு பக்கம். "என் தரை தப்பில்ல ஜீவி, தரை வேலையைத் தரை பண்ணுது" என்று சொல்லிக்கொண்டே பைக் பெட்டியிலிருந்து ரசமட்டத்தை எடுத்துவந்தார். எடுத்துவந்து எங்கே வைத்தார்? பிளேயரின் பிளாஸ்டிக் மூடிமேல். அந்த மூடி வெயிலில் வளைந்துபோன பழைய மூடி. அதை மட்டமாக்குகிறேன் என்று ஸ்டாண்டின் வலது பக்கத்தைத் தூக்கி, இருந்த சாய்வை இரட்டிப்பாக்கினார். தினமும் சைட்டில் மேஸ்திரிகளை விரட்டுகிற ஆள். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

பிறகு மூடியைக் கழற்றி, சுழலும் தட்டின்மேலேயே ரசமட்டத்தை வைத்தோம். முதலில் இடவலமாக, பிறகு முன்பின்னாக. பிஸ்கட் பெட்டி அட்டையை மடித்து வாசல் பக்கத்து இரண்டு கால்களுக்கும் அடியில் செருகினார். ரசமட்டத்தின் குமிழி தயங்கித் தயங்கி நகர்ந்து நடுவில் வந்து நின்றது. ஊசி தாவவில்லை. முழு ரெக்கார்டையும் கேட்டோம்.

வலது பக்கம் இன்னும் கொஞ்சம் குறைவுதான். ஏதாவது மயிரிழைச் சாய்வு மிச்சம் இருக்கும்.

செப்டம்பர் 3, புதன்

ஸ்கூலிலிருந்து வந்து காபியோடு ஒரு ரெக்கார்டு. வகுப்பில் கத்திய கத்தலுக்கு இதைவிட மருந்து உண்டா? அண்ணன் நன்றாக இருக்கட்டும்.

செப்டம்பர் 7, ஞாயிறு

இன்றைக்கு மறுபடி தாவியது. வாரம் முழுக்க ஒழுங்காக ஓடிய பிளேயர்! பென்னி ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். குமிழி ஒரு பக்கம் ஒதுங்கி நின்றது. அவுட்டர் ரிங் ரோட்டில் போகிற லாரிகளின் அதிர்வில் அட்டை நகர்ந்திருக்கும் என்றார். புது அட்டை வைத்தார். சரியாயிற்று. வலது பக்கம் மட்டும் அப்படியே.

சர்ச்சில் கிறிஸ்துமஸ் பாட்டுகளுக்கான பிராக்டிஸ் தொடங்கிவிட்டோம். சொப்ரானோக்கள் வழக்கம்போல் வெளுத்துக்கட்டுகிறார்கள். ஆல்ட்டோ பக்கம் சத்தமே இல்லை. நிறுத்தி நிறுத்திச் சொன்னேன், இன்னும் வாயைத் திறங்கள் என்று. அருள்மேரிதான் ஆல்ட்டோவுக்குத் தலைவி. வாயில் வந்ததைப் பட்டென்று சொல்லிவிடுவாள், ஆனால் கொயருக்காக உயிரையே விடுவாள். அவளே இன்று இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"இன்னா டீச்சர், இதுக்கு மேல கத்துனா தொண்டை கிழிஞ்சிடும். நல்லாத்தானே பாடினு கீறோம்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில் ஏனோ அப்பா ஞாபகம்.

அப்பாவுக்குக் காது மெல்ல மெல்லப் போனது. கேட்கவில்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. எதற்கெடுத்தாலும் "ஆமா, ஆமா" என்று தலையாட்டுவார். யாரோ செத்த செய்தி சொன்னபோதும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அந்த ஒருநாளோடு சர்ச்சுக்குப் போவதை விட்டார். பிறகு பேச்சையும் விட்டார். உயிரோடு இருந்த மனிதர் எங்கள் நடுவிலேயே காணாமல் போனார். எனக்கு அந்த விதி வந்தால் — எனக்கு எதற்கு வரப்போகிறது? என்ன எழுதுகிறேன் நான்?

பிளேயர் கோணல். அவ்வளவுதான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மறுபடியும் தாவல். ஞாயிற்றுக்கிழமை ஆனால் இதற்கு என்ன வந்துவிடுகிறது? ஓய்வுநாள் அனுசரிக்கிறதா?

செப்டம்பர் 20, சனி

கண்டுபிடித்துவிட்டேன். நானே கண்டுபிடித்தேன்!

ஹாலில் வாளியைக் கவிழ்த்துவிட்டு, தண்ணீர் ஓடுகிற அழகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் நேராக ஸ்டாண்டின் வாசல் பக்கத்துக் கால்களைச் சுற்றிக்கொண்டு போனது. குனிந்து பார்த்தால் பென்னியின் அட்டை ஊறி, பாலில் போட்ட ரஸ்க் மாதிரி ஆகிவிட்டிருந்தது. அதன்மேல் ஸ்டாண்டின் பாரம் உட்கார, இடது பக்கம் தாழ்ந்துவிடுகிறது. சனிக்கிழமை நான் கழுவ, ஞாயிற்றுக்கிழமை அது தாவ, பாவம் லாரிக்காரர்களுக்குக் கெட்ட பெயர்.

பென்னி வந்ததும் காட்டினேன். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவர் வாட்டம் கொடுக்காவிட்டால் அட்டை தேவையில்லை. நான் கழுவாவிட்டால் அட்டை ஊறாது. இரண்டு பேரும் சேர்ந்து நடத்திய கூத்து. இவ்வளவு நாள் குடும்பம் நடத்தியும் இன்னும் இப்படிச் சேர்ந்து சிரிக்க ஏதாவது கிடைக்கிறது. அதற்கு நன்றி சொல்லாமல் தூங்கக் கூடாது.

செப்டம்பர் 21, ஞாயிறு

பெரும்பாக்கம் சைட்டில் வெட்டிப்போட்ட கிரானைட் துண்டுகள் சிலதைப் பென்னி கொண்டுவந்து வைத்திருந்தார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கனம். காலை ஆராதனை முடிந்து வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தார். நான் குமிழியைப் பார்த்துச் சொல்ல, அவர் துண்டை மாற்றி மாற்றி வைத்தார். கடைசியில் குமிழி இரண்டு கோட்டுக்கும் நட்டநடுவில் வந்தது. முன்பின்னாகத் திருப்பி வைத்தோம். அப்போதும் நடுவில். இனி ஆற்று வெள்ளமே வந்தாலும் ஊறாது என்றார்.

கொயர் ரெக்கார்டு தாவாமல் கடைசிவரை ஓடியது.

"இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

வலது பக்கம் இன்னும் கொஞ்சம் மெலிவு என்றேன். அவர் குமிழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி, அடுத்தது வயரைப் பாக்கலாம்" என்றார்.

அக்டோபர் 2, வியாழன்

லீவு. பென்னி வயர்களை மாற்றினார், இடதில் வந்தது வலதில் வரும்படி. கேட்டேன். வலதுதான் மெலிவு. வயரைப் பழையபடி கொடுத்துவிட்டு ஸ்பீக்கர்களையே இடம் மாற்றினார். கேட்டேன். வலதுதான்.

ஜன்னல் வலது பக்கம் இருக்கிறது, திரைச்சீலை சத்தத்தைக் குடிக்கிறது என்றேன். ஸ்டூலைப் போட்டு ஏறித் திரைச்சீலையைக் கழற்றினார். எதிர்வீட்டு மாடியிலிருந்து ஹால் அப்பட்டமாகத் தெரிந்தது. மறுபடி கேட்டேன்.

தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

நான் கணக்கு டீச்சர். எல்லாவற்றையும் மாற்றிய பிறகும் விடை மாறவில்லை என்றால் இன்னும் மாற்றாதது எது என்று பிள்ளைகளைக் கேட்கிறவள்.

அக்டோபர் 5, ஞாயிறு

எழுத ஒன்றும் இல்லை. திரைச்சீலையைத் துவைத்து மாட்டினேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் இதையும் தலையாட்டி மழுப்பிவிடுவேன்.

பிராக்டிஸில் ஆல்ட்டோவை மறுபடி திட்டினேன். வழக்கத்தைவிடக் கடுமையாக. ஒரு மாதமாகத் தூங்குகிறீர்களா, கிறிஸ்துமஸுக்குச் சொப்ரானோ மட்டும் பாடட்டும், நீங்கள் வீட்டில் இருங்கள் என்றேன். பிராக்டிஸ் முடிந்து எல்லாரும் போன பிறகு அருள்மேரி மட்டும் நின்றாள். சண்டைக்குத்தான் நிற்கிறாள் என்று நினைத்தேன். கிட்டே வந்து மெதுவாகச் சொன்னாள்.

"டீச்சர், நாங்க பாடினா ஜன்னல் கண்ணாடி அதிருது. வெளிய கேட்டாண்ட நிக்கிறவங்க ஆல்ட்டோ மட்டுந்தான் கேக்குதுன்றாங்க. நீங்க ஒரு வாட்டி டாக்டராண்ட காட்டுங்க."

என்ன பேசுகிறாய் என்று எரிந்து விழுந்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் யாரும் இல்லை. பென்னி சிறுசேரி சைட்டில் கான்கிரீட் என்று போயிருந்தார். ரெக்கார்டைப் போட்டேன். எப்போதும் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்தேன். இத்தனை நாள் நான் செய்யாமல் வைத்திருந்தது ஒன்றே ஒன்றுதான். அது தெரியாமல் இல்லை. முதல் வாரமே தெரியும். ஒரு குழந்தைக்குக்கூடத் தோன்றும். நாற்காலியைத் திருப்பிப் போடு, பிளேயருக்கு முதுகைக் காட்டி உட்கார். கோணல் பிளேயரில் என்றால் மெலிவு இடது காதுக்கு வரவேண்டும்.

திருப்பிப் போட்டேன். உட்கார்ந்தேன்.

வலது.

ஆல்ட்டோ என் இடது காதில் கணீரென்று வந்தது. அவ்வளவு அழகாகப் பாடியிருக்கிறார்கள்! இப்போது சொப்ரானோக்கள் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். போனை எடுத்து வலது காதில் வைத்து அண்ணனைக் கூப்பிட்டேன். அண்ணன் ஏதோ சொல்கிறார், என்னவென்று தெரியவில்லை. எந்தக் காலத்திலிருந்து நான் போனை இடது காதில் மட்டும் வைக்கிறேன்? ஞாபகமே இல்லை. கட் பண்ணிட்டேன்.

எனக்குக் காது போகுது. எனக்கா? பாட்டு ஒண்ணுதானே ஆண்டவரே நான் உங்ககிட்ட கேட்டு வாங்கிக்கிட்டது. வேற என்ன கேட்டேன்?

அப்பா மாதிரி ஆகமாட்டேன். ஆகவே மாட்டேன். ஆனால் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 13, திங்கள்

பென்னியிடம் சொன்னேன். சொல்வதற்கு முன் காபி, டிபன், இஸ்திரித் துணி எல்லாம் முடித்துக்கொண்டேன். சொல்லி முடித்தால், மனிதர் ஆச்சரியப்படவே இல்லை.

"தெரியும். ஈஸ்டர் சமயத்துலயே தெரியும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. தெரிந்தா இத்தனை வாரம் கிரானைட் துண்டும் வயரும் ஸ்பீக்கரும்? என்னை வைத்து வேடிக்கை பார்த்தீர்களா என்று கத்தினேன். கையிலிருந்த துணியை வீசியெறிந்தேன். அவர் அதை எடுத்து மடித்துக்கொண்டே சொன்னார்.

"ஜூன் மாசமே டாக்டர்கிட்ட போலாம்னு சொன்னேன். என் காது நல்லாத்தான் இருக்கு, நீங்கதான் வாய்க்குள்ள பேசறீங்கன்ன. பிளேயர் மட்டமா இல்லாத வரைக்கும் நீ பிளேயரைத்தான் சொல்லியிருப்ப. ஒவ்வொண்ணா எடுத்துட்டா நீயே வருவேன்னு தெரியும்."

ஜூன் மாதம் அப்படிச் சொன்னேனா? சொல்லியிருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ரோட்டில் நடந்தால் வண்டி வருகிற பக்கம்தான் அவர் நடப்பார், கல்யாணமான நாளிலிருந்து. இந்த வருடம் என் இடது பக்கமே நடக்கிறார். சர்ச்சில் எங்கள் இடம் பெஞ்சின் ஓரம். கொஞ்ச நாளாக என்னை உள்ளே தள்ளிவிட்டு இடது பக்கம் உட்காருகிறார். சாப்பாட்டு மேஜையில்கூட. ஒரு வார்த்தை சொல்லாமல் இடம் மாற்றிக்கொண்ட மனிதர். நானோ, அவர் மூடியில் ரசமட்டம் வைத்தார் என்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

அழுதேன். அவரும் இடது பக்கமாக வந்து உட்கார்ந்தார்.

அக்டோபர் 25, சனி

தாம்பரத்தில் காது டாக்டர். பிறகு ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். சோதித்த பெண் பெயர் விஷ்ணுப்ரியா. எங்கள் ஸ்கூல் பிள்ளைகள் வயதுதான் இருக்கும்போல் தெரிந்தாள், ஆனால் பேச்சில் நிதானம். கோடு போட்டுக் காட்டினாள். இடது காதின் கோடு மேலே சமமாகப் போகிறது. வலது காதுடையது தொடக்கத்திலிருந்தே இறங்கி இறங்கிப் போகிறது. எங்கள் ஹால் தரையேதான். பென்னி அதைப் பார்த்துவிட்டு, "நான் போட்ட வாட்டம் இல்லைங்க இது" என்றார். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. நான்தான் அந்த அறையில் அத்தனை சத்தமாகச் சிரித்தேன்.

நரம்பு பலவீனமாம். போனது திரும்ப வராது. ஆனால் இப்போதைக்கு அவசரமாகக் கூடுகிற மாதிரி இல்லை, கருவி வைத்தால் நன்றாகவே கேட்கும் என்றார் டாக்டர். அப்பாவுக்கு இப்படி ஒருவர் எதிரே உட்கார்ந்து சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

அளவெடுத்தார்கள். வர ஒரு மாதம் ஆகுமாம்.

நவம்பர் 2, ஞாயிறு

கொயரிடம் சொல்லிவிட்டேன். எனக்கு வலது பக்கம் கேட்கவில்லை, இத்தனை நாள் உங்களை அநியாயமாகத் திட்டினேன், மன்னித்துக்கொள்ளுங்கள், இந்தக் கிறிஸ்துமஸுக்கு வேறு யாராவது நடத்தட்டும் என்றேன். நேராக நின்று சொல்லி முடித்தேன். அதற்கே பெரிய ஸ்தோத்திரம்.

கருவியைப் பற்றிச் சொல்லவில்லை. அது உதவாமல் போனால்? இன்னொரு முறை எல்லார் முன்னாலும் நிற்க என்னால் ஆகாது.

ஆயர் யோசித்துச் சொல்லலாம் என்றார். யாரும் வேண்டாம் என்றோ போகாதே என்றோ சொல்லவில்லை. அருள்மேரி பாட்டுப் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள். திட்டு வாங்கினவளுக்கு அந்தக் கோபம்கூட இல்லாமல் இருக்குமா?

நவம்பர் 30, ஞாயிறு

விடாத மழை. சர்ச்சில் பிராக்டிஸ் ஒழுங்காக நடக்கவில்லை என்று கேள்வி. நேற்று ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது என்று தெருவே விழித்துக்கொண்டது. பிளேயரைத் தூக்கிப் பரணில் ஏற்றினோம், முதலில் அதை, அப்புறம்தான் அரிசியை. தண்ணீர் கீழ்ப்படிவரை வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போயிற்று. வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை. வாட்டம் தயாராக இருந்தும் வேலை வரவில்லை என்று பென்னிக்கு ஒரு சின்ன ஏமாற்றம் இருந்திருக்கும். எனக்கு நன்றி மட்டும்தான்.

டிசம்பர் 6, சனி

கருவி வந்துவிட்டது. பயற்றங்காய் விதை அளவுதான், காதுக்குப் பின்னால் முடிக்குள் மறைந்துவிடுகிறது. மாட்டிய முதல் நிமிடம் பிடுங்கி எறியலாம் போல இருந்தது. பேப்பரைத் திருப்பினால் தகரம் அடிக்கிற சத்தம். என் செருப்புச் சத்தம் எனக்கே எரிச்சல். விஷ்ணுப்ரியா பொறுமையாகக் கூட்டிக் குறைத்துத் தந்தாள். பழகிவிடும் அக்கா என்றாள்.

வீட்டுக்கு வந்து ஹாலைக் கழுவினேன். வாளியைக் கவிழ்த்ததும் தண்ணீர் வலது பக்கமிருந்து சலசலவென்று என்னைத் தாண்டி வாசலுக்கு ஓடியது. தண்ணீர் ஓடினால் சத்தம் வரும் என்பதையே மறந்திருக்கிறேன். துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். இன்னொரு வாளி தேவையே இல்லை. ஊற்றினேன்.

பரணில் இருந்த பிளேயரை இறக்கி நானே வைத்தேன். கிரானைட் துண்டுகளை நானே அடுக்கினேன். பென்னி பக்கத்தில் நின்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். குமிழி நடுவில் நின்றது. கொயர் ரெக்கார்டைப் போட்டேன். இரண்டு பக்கமும் ஒன்றாகக் கேட்டது என்று சொன்னால் பொய். வலது கொஞ்சம் தகரமாக, கொஞ்சம் கூர்மையாக. ஆனால் ஆல்ட்டோ அடுத்த வீட்டில் இல்லை. என் வீட்டில் இருக்கிறார்கள்.

அருள்மேரி போன் செய்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு. ஒரே ஒரு பாட்டு இழுத்துக்கொண்டே போகிறதாம், நாளைக்கு வந்து அதை மட்டும் சரிபண்ணிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றாள். போனை வேண்டுமென்றே வலது காதில் வைத்துப் பேசினேன். தட்டுத்தடுமாறித்தான், ஆனால் புரிந்தது.

டிசம்பர் 7, ஞாயிறு

போனேன்.

எல்லாரும் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் ஏதோ வித்தியாசம். என்னவென்று சட்டென்று பிடிபடவில்லை. என் இடத்தில் போய் நின்ற பிறகுதான் தெரிந்தது. ஆல்ட்டோக்கள் அத்தனை பேரும் என் இடது பக்கம் நிற்கிறார்கள். சொப்ரானோக்கள் வலதுக்குப் போய்விட்டார்கள். கீபோர்டுகூட இடம் மாறியிருந்தது. எல்லாரும் புத்தகத்தைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டிருந்தார்கள்.

இழுத்துக்கொண்டு போகிற பாட்டு எது என்று கேட்டேன்.

"அப்டி ஒண்ணும் இல்ல டீச்சர்" என்றாள் அருள்மேரி. "இந்தப் பக்கத்துலேர்ந்து பாடி ஒரு மாசமா பழகிகினு கீறோம். சொப்ரானோ உங்களுக்குக் கேக்காட்டி போவுது, அவங்கதான் ஊருக்கே கேப்பாங்களே."

கோபம் என்று நினைத்தேனே. ஒரு மாதமாக, மழையிலும் வந்து, நான் இல்லாத பிராக்டிஸில், எனக்குக் கேட்கிற பக்கமாக நின்று பாடிப் பழகியிருக்கிறார்கள். அங்கேயே எல்லார் முன்னாலும் அழுதேன், ஒளிக்கவில்லை. பிறகு முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டேன். முன்வரிசையில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியட்டும்.

எல்லாரும் அவரவர் பழைய இடத்துக்கே போங்கள் என்றேன். அருள்மேரி தயங்கினாள். போ என்று தலையசைத்தேன். ஆல்ட்டோக்கள் என் வலது பக்கத்துக்குப் போய் நின்றார்கள். கையைத் தூக்கினேன்.

பாடினார்கள். அருள்மேரி சொன்னது சரிதான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. செப்டம்பர் மாதத்திலிருந்து எனக்காக இவ்வளவு சத்தமாகவா பாடிக்கொண்டிருந்தார்கள்? சொப்ரானோ அதில் மூழ்கியே போய்விட்டது. பாதிப் பாட்டில் கையைத் தாழ்த்தி நிறுத்தினேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"ஆல்ட்டோ, கொஞ்சம் குறைச்சுப் பாடுங்க" என்றேன்.

அருள்மேரி பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது சிரிப்பிலா அழுகையிலா தெரியவில்லை. கொஞ்சம் பொறுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பாடினோம்.